28 அடிப் பாய்மரப் படகு: கயிறு 8 மி.மீ.யா, 10 மி.மீ.யா, 12 மி.மீ.யா?

வடகரைப் பாயோட்டி – கிராண்ட் பே, மொரீசியஸ்

அனைவருக்கும் வணக்கம். 1980களில் ஐரோப்பாவில் கட்டப்பட்ட, 28 அடி நீளமுள்ள ஒற்றைப் பாய்மரப் படகு ஒன்றைச் சென்ற ஆண்டு வாங்கினேன். கிராண்ட் பேயில் மிதவையில் கட்டியிருக்கிறேன். விடுமுறை நாட்களில் குவான் தெ மீர் வரையிலும், காற்று இடம்கொடுத்தால் இல் பிளாத் வரையிலும் குடும்பத்தோடு போய் வருகிறோம். புயல் பருவம் கழிந்து, ஜூனில் தென்கிழக்குக் காற்று வலுக்கும் முன்பாக, படகில் இழுத்து விடும் கயிறுகள் அனைத்தையும் மாற்றிவிட வேண்டும் என்பது என் எண்ணம்.

முந்தைய உரிமையாளர், பாயை ஏற்றும் ஹாலியார்டுகள், பாயைக் காற்றுக்கேற்ப இழுத்து விடும் ஷீட்டுகள், பலத்த காற்றில் பாயின் பரப்பைக் குறைக்கும் ரீஃப் கயிறுகள் என எல்லாவற்றுக்கும் ஒரே 12 மி.மீ. பாலியெஸ்டர் கயிற்றைப் போட்டிருக்கிறார். ஆனால் பெரும்பாயை ஏற்றும்போது கடைசி ஒரு மீட்டருக்கு இருவர் சேர்ந்து இழுக்க வேண்டியிருக்கிறது. பாய்மர உச்சியில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், கயிறு கப்பியின் பள்ளத்தில் உட்காராமல் மேலே ஏறி நிற்பதும், இருபுறத் தகடுகளில் உரசிய இடத்தில் உறையின் நூல்கள் பஞ்சுபோல எழுந்திருப்பதும் தெரிகின்றன. அறைக்கூரையின் மேல், கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் கிளட்ச்சில் 8–10 என்று பொறித்திருக்கிறது. இந்தக் கயிற்றின் மேல் அதன் கைப்பிடி முழுவதுமாக மூடுவதே இல்லை.

பாய்மரம் மேல்தளத்திலிருந்து ஏறத்தாழ 11 மீட்டர். முன்பாய், அதாவது ஜெனோவா, 25 சதுர மீட்டர். பெரும்பாய் 14 சதுர மீட்டர். ஷீட்டைச் சுற்றி இழுக்கும் உருளையான விஞ்ச்சின் தானியங்கிப் பிடிப்பல் 8 முதல் 12 மி.மீ. வரை ஏற்கும். எந்தக் கயிற்றை எவ்வளவு மெல்லியதாக்கலாம்? குளிர்காலத்தில் ஒரு முறை ரெயூனியனுக்கும் போய்வர ஆசை இருக்கிறது. அதையும் மனத்தில் வைத்துச் சொன்னால் நன்றாயிருக்கும்.


துறைமுகத்தான் – போர்ட் லூயி

வணக்கம் தம்பி. நான் சரக்குக் கப்பலில் பணியாற்றியவன். பாய்ப் படகு எனக்குப் பொழுதுபோக்கு மட்டுமே. கயிற்றைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது முறிவுச் சுமையும் அதன்மேல் வைக்கும் காப்பு விகிதமும்தான். புதிய கயிற்றின் முறிவுச் சுமையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அதன்மீது சுமை ஏற்றக்கூடாது என்பது பொதுவான நடைமுறை. முடிச்சுப் போட்டால் வலிமை மேலும் குறையும். வெயில், உப்பு, உராய்வு எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு ஆண்டு இன்னும் குறைக்கும். நம் தீவின் வெயில் எப்படிப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எனவே 12 மி.மீ. போட்டிருந்தவர் விவரம் தெரியாமல் போட்டிருக்க மாட்டார். கப்பியும் கிளட்ச்சும் பொருந்தவில்லை என்றால் கப்பியையும் கிளட்ச்சையும் மாற்றுங்கள். கயிற்றை மெலிய விடாதீர்கள். குடும்பத்தோடு கடலுக்குப் போகிறவர் கயிற்றில் சிக்கனம் பார்க்கக்கூடாது.


கப்பிக்காரர் – டர்பன், தென்னாப்பிரிக்கா

துறைமுகத்தான் ஐயா சொன்ன விகிதத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன். அந்த விகிதத்தை இந்தப் படகின் அளவுகளில் வைத்துக் கணக்குப் போட்டால் என்ன வருகிறது என்பதையும் பார்த்துவிடுவோம்.

ஜெனோவா ஷீட்டில் விழும் சுமையைத் தோராயமாகக் காண ஓர் எளிய கணக்கு புழக்கத்தில் இருக்கிறது. பாயின் பரப்பைச் சதுர மீட்டரில் எடுத்து, காற்றின் வேகத்தை நாட் (மணிக்குக் கடல் மைல்) கணக்கில் எடுத்து அதை அதனாலேயே பெருக்கி, இரண்டையும் பெருக்கி, வருவதை 0.021ஆல் பெருக்கினால் கிலோகிராம் கணக்கில் விடை கிடைக்கும். 25 சதுர மீட்டர் பாய்க்கு 20 நாட் காற்றில் 210 கிலோ வருகிறது. 30 நாட்டில் 470 கிலோவைத் தாண்டும். ஆனால் அந்தக் காற்றில் இந்தப் பாயை முழுவதுமாக விரித்து வைத்திருப்பவர் கயிற்றைப் பற்றிக் கவலைப்படும் நிலையில் இருக்க மாட்டார், அதற்குள் பாயின் தையலே விட்டிருக்கும்.

இனிக் கயிற்றுப் பக்கம். நல்ல பாலியெஸ்டர் இரட்டைப் பின்னல் கயிறு, தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறினாலும், 8 மி.மீ.யில் 1,300 கிலோவுக்குக் குறையாமலும், 10 மி.மீ.யில் 2,000 கிலோவை ஒட்டியும் தாங்கும். ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்தால் 8 மி.மீ. கயிறு 260 கிலோ, 10 மி.மீ. கயிறு 400 கிலோ. அதாவது 20 நாட் காற்றில், ஐயா சொன்ன விகிதத்தின்படியே, 8 மி.மீ. கயிறு வலிமைக்குப் போதும். இருந்தும் இந்தப் படகில் ஜெனோவா ஷீட்டுக்கு 8 மி.மீ. போடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன், ஏனென்றால் அதை இழுக்கப் போவது மனிதக் கை. 210 கிலோவில் பெரும்பங்கை விஞ்ச் தாங்கிக்கொண்டாலும், படகைத் திருப்பும்போது தளர்ந்த கயிற்றை விரைந்து வாரி இழுக்கும் அந்தச் சில நொடிகளில் 8 மி.மீ. கயிறு உள்ளங்கையை அறுக்கும். ஈரக் கையில் வழுக்கவும் செய்யும். 10 மி.மீ. கையில் நன்றாக அடங்கும். 12 மி.மீ.யும் அடங்கும், ஆனால் 10ஐ விட 44 விழுக்காடு கூடுதல் எடை. வடக்குக் கரையில் காற்று ஓயும் காலை வேளைகளில் அந்த எடையே பாயின் கீழ்மூலையைக் கீழே இழுத்துப் பாயின் வடிவத்தைக் கெடுக்கும்.

ஆகவே ஷீட்டுக்கு 10 மி.மீ. சாதாரண பாலியெஸ்டர். ஹாலியார்ட் வேறு கதை. அதைப் பற்றி எழுதுவதற்கு முன் ஒன்றைக் கேட்க வேண்டும்: உச்சிக் கப்பியின் பள்ளம் அரைவட்டமாக இருக்கிறதா, அல்லது நடுவில் குறுகிக் கூராக இறங்குகிறதா?


மாயேபூர்க்காரன் – மாயேபூர், மொரீசியஸ்

கணக்கெல்லாம் சரி. எங்கள் பக்கத்தில் பந்தய நாளில் பிரோக் என்ற நாட்டுப் பாய்ப்படகை ஓட்டுகிறவர்களிடம் 10 மி.மீ. கயிற்றைக் கொடுத்துப் பாருங்கள், திருப்பி எறிந்துவிடுவார்கள். பிரோக்கில் விஞ்ச் கிடையாது, கிளட்ச்சும் கிடையாது. ஷீட்டை ஓர் ஆள் கையில் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான். காற்று ஓங்கி அடித்தால் விட வேண்டும், தணிந்தால் இழுக்க வேண்டும், அவ்வளவு நேரமும் கை மூடியே இருக்க வேண்டும். 12, 14 மி.மீ. இல்லாமல் அந்த வேலை நடக்காது. எனவே மெல்லிய கயிறே நாகரிகம் என்ற முடிவுக்கு யாரும் அவசரப்பட்டு வர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.


கப்பிக்காரர் – டர்பன்

மாயேபூர்க்கார அண்ணன் சொல்வது முற்றிலும் சரி, அது என் கருத்துக்கு எதிரானதும் அல்ல. பிரோக்கில் கையே கிளட்ச், கையே விஞ்ச்; எனவே கைக்கு ஏற்ற தடிமனே கயிற்றின் தடிமன். இந்தப் படகில் பிடித்து வைக்கும் வேலையை இரும்பும் அலுமினியமும் செய்கின்றன. அவற்றின் வாய் அகலம் எவ்வளவோ அதற்குள்தான் நாம் தேட வேண்டும்.

பெரும்பாயின் ஷீட்டில் மட்டும் அண்ணனின் வாதம் இங்கேயும் பொருந்தும். நான்கு மடங்கு கப்பித் தொகுதி வழியாக வருவதால் கைக்கு வரும் சுமை குறைவு, ஆனால் பல நிமிடங்கள் கையிலேயே இருக்கும் கயிறு அது. அங்கேயும் 10 மி.மீ., முறுக்கேறாத, மென்மையான பின்னலாகப் பார்த்து வாங்குங்கள். 12 மி.மீ. போட்டால் கப்பிகளில் உராய்வு கூடி, இளங்காற்றில் பூம், அதாவது பெரும்பாயின் அடிக்கட்டை, தானாக வெளியே போகாது. யாராவது ஒருவர் அதைத் தள்ளிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.


வடகரைப் பாயோட்டி – கிராண்ட் பே

எல்லோருக்கும் நன்றி. கப்பிக்காரர் கேட்டதற்காக நேற்று ஒருவரை மீண்டும் மேலே ஏற்றிப் படம் எடுக்கச் சொன்னேன். கப்பியின் விட்டம் 80 மி.மீ. பள்ளத்தின் மேற்பகுதி அகலமாகத் தொடங்கி, நடுவில் 4 அல்லது 5 மி.மீ. அகலமுள்ள கூரான இன்னொரு பள்ளம் இறங்குகிறது. அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் உலோகம் பளபளவென்று தேய்ந்திருக்கிறது.

பழைய கயிற்றையும் அளந்தேன். அளவுகோலை மேலே வைத்தால் ஓரிடத்தில் 12, ஓரிடத்தில் 14 காட்டுகிறது. இதில் எதை நம்புவது?


கப்பிக்காரர் – டர்பன்

நினைத்தது போலவே இருக்கிறது. அந்தக் காலத்துப் படகுகளில் ஹாலியார்டின் மேற்பாதி எஃகுக் கம்பி வடமாகவும், கையில் பிடிக்கும் கீழ்ப்பாதி கயிறாகவும் இருக்கும். கம்பி நீளாது என்பதற்காக அப்படிச் செய்தார்கள். நடுவில் உள்ள கூரான பள்ளம் அந்தக் கம்பிக்கு உரியது. பின்னாளில் யாரோ கம்பியை எடுத்துவிட்டு முழுவதும் கயிறாக்கியிருக்கிறார்கள்; கப்பியை மாற்றவில்லை. அதனால் கம்பி தேய்த்துவைத்த பிசிறுகள் இப்போது கயிற்றின் உறையை ஒவ்வொரு நூலாக அறுத்துக்கொண்டிருக்கின்றன. மேலே ஏறுபவரிடம் கொஞ்சம் பஞ்சு கொடுத்து அனுப்புங்கள். கப்பியைச் சுற்றவிட்டுப் பள்ளத்தில் பஞ்சை ஓட்டிப் பார்த்தால், பிசிறு இருக்கும் இடத்தில் நூல் சிக்கி நிற்கும். கைக்குத் தெரியாத பிசிறு பஞ்சுக்குத் தெரியும்.

கயிற்றுக்கான அரைவட்டப் பள்ளம் உள்ள கப்பியை அதே அச்சில் பொருத்திக்கொள்ளுங்கள். கடைசல் பட்டறையில் அசிட்டல் பிளாஸ்டிக் கட்டியில் கடைந்துகூடக் கொடுப்பார்கள். பாலியெஸ்டர் கயிறு வளைந்து போகும் கப்பியின் விட்டம் கயிற்றின் தடிமனைப் போலக் குறைந்தது ஆறு முதல் எட்டு மடங்கு இருக்க வேண்டும் என்று பார்ப்பது வழக்கம். உங்கள் 80 மி.மீ. கப்பி 10 மி.மீ. கயிற்றுக்குச் சரியாக எட்டு மடங்கு. 12 மி.மீ.க்கு ஏழு மடங்குகூட வரவில்லை. போதாததற்குப் பக்கத் தகடுகளின் இடைவெளியும் அதற்குப் போதவில்லை. கடைசி ஒரு மீட்டர் இறுகுவதற்கு, பாயின் எடையோடு இதுவும் காரணம்.

கயிற்றை அளப்பது பற்றி. பயன்பட்ட கயிற்றின் மேல் அளவுகோல் வைத்துப் பயனில்லை. உப்பும் தூசியும் ஏறி அது உப்பியிருக்கும். சில இடங்களில் உறை மேலும் கீழும் நகர்ந்து தடித்திருக்கும். சுமை ஏற்றினால் மீண்டும் மெலியும். ஒரு குழாயைச் சுற்றி, கயிறு நசுங்காமல், இடைவெளியும் விடாமல், பத்துச் சுற்றுச் சுற்றி, அந்தப் பத்தின் மொத்த அகலத்தை அளந்து பத்தால் வகுங்கள். கடையில் புதிய கயிறு வாங்கும்போதும் இதைச் செய்து பார்க்கலாம். 10 என்று எழுதியிருக்கும் கயிறுகள் எல்லாம் கிளட்ச்சில் ஒன்றுபோல நடந்துகொள்வதில்லை. தளர்வாகப் பின்னியது எளிதில் நசுங்கும், இறுகப் பின்னியது நசுங்காது.


தென்தீவார் – சென் பியேர், ரெயூனியன்

மொரீசியஸிலிருந்து இங்கே வருவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். வருவது எளிது, போர்ட் லூயியிலிருந்து லெ போர் ஏறத்தாழ 130 கடல் மைல், தென்கிழக்குக் காற்று பெரும்பாலும் பக்கவாட்டிலோ பின்னாலோ இருக்கும். திரும்பிப் போகும்போதுதான் கயிற்றின் குணம் தெரியவரும். காற்றை எதிர்த்து, எதிரலையில், ஓர் இரவும் அதற்கு மேலும் ஏறிப்போக வேண்டும். அப்போது முன்பாயின் முன்விளிம்பு விறைப்பாக நிற்க வேண்டும். காற்று ஓங்கும்போது ஹாலியார்ட் நீண்டுகொடுத்தால், பாயின் வயிறு பின்னோக்கி நகர்ந்து ஆழமாகும். அதாவது பாய் தட்டையாக வேண்டிய நேரத்தில் உப்புகிறது. படகு சாய்கிறது, ஆனால் முன்னேறுவதில்லை.

உங்கள் படகில் பாயின் தலையிலிருந்து உச்சிக் கப்பி ஏறி, பாய்மரத்துக்குள் 11 மீட்டர் இறங்கி, அங்கிருந்து விஞ்ச் வரை இன்னொரு மூன்று மீட்டர் என்று வைத்தால், சுமை தாங்கும் நீளம் 14 மீட்டர். காற்று கூடியதால் அது ஒரு விழுக்காடு நீண்டாலே 14 சென்டிமீட்டர். முன்விளிம்பில் அவ்வளவு தளர்ந்தால் பாய்க் கொளுத்துகளுக்கு இடையே பிறைபிறையாக மடிப்பு விழுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். முன்பாயைச் சுருட்டும் ஃபர்லரின் பள்ளத்தில் ஓடும் பாயானால் கிடைமட்டச் சுருக்கங்களாகத் தெரியும்.

இந்த நீட்சியைக் குறைக்க இரண்டு வழிகள். ஒன்று, அதே பாலியெஸ்டரைத் தடிமனாக்குவது. 10லிருந்து 12க்குப் போனால் குறுக்குப் பரப்பு 44 விழுக்காடு கூடும், எனவே நீட்சி சுமார் மூன்றில் ஒரு பங்கு குறையும். முந்தைய உரிமையாளர் இதற்காகவே 12 போட்டிருக்கலாம், காரணமில்லாத செயலல்ல. இன்னொன்று, பொருளை மாற்றுவது. டைனீமா என்ற செயற்கை நாரில் உள்ளிழையும் பாலியெஸ்டர் உறையும் உள்ள கயிறு அதே தடிமனில் பாலியெஸ்டரை விடப் பல மடங்கு குறைவாக நீளும். விலை இரண்டு, மூன்று மடங்கு ஆகும். முழுப் படகுக்கும் அதைப் போட வேண்டியதில்லை. இரண்டு ஹாலியார்டுகளுக்கு மட்டும் போடுவது வீண்செலவு அல்ல என்பது என் கருத்து.


துறைமுகத்தான் – போர்ட் லூயி

ஷீட் பற்றிய கணக்கைப் பார்த்தேன், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நீளாத கயிறு நல்லது என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். படிக்கும் இளைஞர் யாராவது அதே கயிற்றை மிதவையில் கட்டவும் பயன்படுத்திவிடுவார். கட்டு வடமும் நங்கூரக் கயிறும் நீள வேண்டும், அதற்குத்தான் நைலான். அலையின் உதறலைக் கயிறு வாங்கிக்கொள்ளாவிட்டால், மேல்தளத்தில் பதித்த கட்டுக்கட்டையே பெயர்ந்து வரும். அங்கே தடிமனைக் குறைக்கும் பேச்சே வேண்டாம்.


தென்தீவார் – சென் பியேர்

முழுவதும் உடன்படுகிறேன், ஐயா. அங்கே எதிரி உராய்வும்கூட. மேல்தள ஓரத்தைத் தாண்டும் இடத்தில் உறைக்குழாய் போடாத கட்டு வடத்தை ஒரே ஒரு புயல் இரவு தின்றுவிடும்.


வடகரைப் பாயோட்டி – கிராண்ட் பே

அப்படியானால் ஹாலியார்டுக்கு டைனீமா உள்ளிழையுள்ள 8 மி.மீ. கயிறு போடலாமா? முறிவுச் சுமை பழைய 12 மி.மீ. பாலியெஸ்டரோடு ஒப்பிடும் அளவுக்கு இருக்கிறது என்று அட்டவணை காட்டுகிறது. மேலே எடையும் குறையும், விலையும் 10ஐ விடக் குறைவு. கிளட்ச்சிலும் 8–10 என்றுதான் போட்டிருக்கிறது.


கப்பிக்காரர் – டர்பன்

அட்டவணை பொய் சொல்லவில்லை. ஆனால் கிளட்ச்சில் எழுதியுள்ள எல்லையின் கீழ்முனையில் போய் நிற்காதீர்கள் என்பது என் அறிவுரை.

கிளட்ச் எப்படிப் பிடிக்கிறது என்று பாருங்கள். உள்ளே பல்லுள்ள ஒரு சுழல் நாக்கு கயிற்றை அடித்தட்டோடு அழுத்துகிறது. கயிறு இழுபட இழுபட நாக்கு மேலும் சுழன்று இறுகும். 10 மி.மீ. கயிற்றில் நாக்கு பாதி சுழன்றதும் முழுப் பிடியும் கிடைத்துவிடும். 8 மி.மீ.யில் அது கடைசி எல்லை வரை சுழல வேண்டும். பல் கொஞ்சம் தேய்ந்திருந்தால் அந்த எல்லையிலும் பிடி முழுமையாகக் கிடைக்காது. உங்கள் கிளட்ச் படகோடு வந்தது என்றால் அதன் பல் நிச்சயம் தேய்ந்திருக்கும். கயிறு அறுபட ஆகும் சுமைக்கு வெகு முன்பே, சில நூறு கிலோவிலேயே, வழுக்கத் தொடங்கும். ஒவ்வொரு வழுக்கலும் உறையைச் சூடாக்கி, கண்ணாடிபோல் பளபளப்பாக்கி, அடுத்த வழுக்கலை எளிதாக்கும். நீளாத கயிற்றைப் பணம் கொடுத்து வாங்கி, அதைக் கிளட்ச்சில் இரண்டு விரற்கடை நழுவவிட்டால் வாங்கியதன் பயன் எங்கே?

இன்னொன்று, டைனீமா உள்ளிழை மிகவும் வழுவழுப்பானது. கிளட்ச் பிடிப்பது உறையை. சுமை இருப்பது உள்ளிழையில். உறைக்குள் உள்ளிழை நகராமலிருக்க, கயிற்றின் முனையிலும், கிளட்ச் பிடிக்கும் பகுதிக்கு அருகிலும் இரண்டையும் சேர்த்து ஊசியால் தைத்துவிட வேண்டும். டைனீமா ஏறத்தாழ 150 பாகை செல்சியஸிலேயே உருகும். பாலியெஸ்டர் 250ஐத் தாண்டும். விஞ்ச்சில் சுமையோடு வேகமாக அவிழ்த்துவிடும்போது எழும் சூட்டைத் தாங்குவதற்கும் வெயிலை மறைப்பதற்கும் அந்த உறை தேவை. ஆகவே உறை மெல்லியதாக இருக்கும் மலிவான வகையை வாங்க வேண்டாம்.

ஆக, ஹாலியார்ட் இரண்டுக்கும் டைனீமா உள்ளிழையுள்ள 10 மி.மீ. வலிமைக்கு அது மிக அதிகம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் கிளட்ச்சும் கப்பியும் கையும் 10ஐக் கேட்கின்றன. 8 மி.மீ.தான் வேண்டும் என்றால், கிளட்ச்சில் பிடிபடும் அந்த ஒன்றிரண்டு மீட்டரில் மட்டும் இன்னோர் உறையை மேலே ஏற்றித் தைத்துத் தடிமனாக்கும் வழக்கம் உண்டு. பந்தயப் படகுகளில் செய்கிறார்கள். பொறுமையும் ஊசிக்கையும் இருந்தால் நீங்களும் செய்யலாம். எனக்கு என்னவோ விடுமுறைப் படகுக்கு அந்த வேலை தேவையில்லை என்று தோன்றுகிறது.


மாயேபூர்க்காரன் – மாயேபூர்

இப்போது என் பக்கம் வந்துவிட்டீர்கள். வலிமைக்கு வேண்டியதைவிடத் தடித்த கயிறு, கைக்காகவும் பிடிக்காகவும். நான் முதலில் சொன்னதும் இதுவே.


பயிற்சித் துறை – டமாரின், மொரீசியஸ்

குறுக்கே ஒரு சிறு கேள்வி. ஆப்டிமிஸ்ட் படகில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். எட்டு வயதுப் பிள்ளையின் கைக்குப் பாய் ஷீட் எந்தத் தடிமனில் இருக்கலாம்?


கப்பிக்காரர் – டர்பன்

7 அல்லது 8 மி.மீ. கப்பி அதற்கு மேல் ஏற்காது. நீர் குடிக்காத வகையாகப் பாருங்கள். நனைந்து கனத்த கயிறு பிள்ளையின் காலில் சுற்றிக்கொள்ளும். மற்றச் சிறு கட்டுக் கயிறுகளுக்கு 4 மி.மீ. போதும்.


தென்தீவார் – சென் பியேர்

ரீஃப் கயிறுகளைப் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லை. பூம் முனையிலிருந்து பாயின் பின்விளிம்பு வளையத்துக்கு ஏறி, மீண்டும் பூமுக்கு இறங்கி, உள்ளே ஓடி வரும் கயிறு அது. ஒவ்வொரு வளைவிலும் உராய்வு. 10 மி.மீ. போட்டால், இரவில், 28 நாட் காற்றில், பூமின் உள்ளே எங்கோ அது நெருக்கிக்கொண்டு வராமல் நிற்கும். 20 நாட்டிலிருந்து 28க்குப் போனால் பாயின் மேல் அழுத்தம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்பதை நினைவில் வையுங்கள்; ரீஃப் போட வேண்டிய நேரத்தில்தான் கயிறு தடையில்லாமல் ஓட வேண்டும். எனவே நான் டைனீமா உள்ளிழையுள்ள 8 மி.மீ. போட்டிருக்கிறேன்.


கப்பிக்காரர் – டர்பன்

இங்கே எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. எங்கள் கடற்கரையில் தென்மேற்குக் காற்று திடீரென்று இறங்கும். தெற்கே ஓடும் அகுல்ஹாஸ் நீரோட்டத்தை அது எதிர்ப்பதால் அலை செங்குத்தாக எழும். அந்த அலையில் பூம் ஒவ்வொரு முறை குலுங்கும்போதும், பின்விளிம்பு வளையத்தின் எஃகில் ரீஃப் கயிறு ஒரே இடத்தில் அரைபடும். 8 மி.மீ. கயிற்றின் உறை சில மணி நேரத்தில் கிழிந்து, உள்ளிழை வெளியே தொங்குவதை நான் பழுதுபார்க்க வந்த படகுகளில் பார்த்திருக்கிறேன். 10 மி.மீ. கயிற்றின் உறையில் தேய்வதற்குச் சதை அதிகம். பூமின் உள்ளே நெருக்குகிறது என்றால் பூம் முனைக் கப்பிகளைக் கழற்றிக் கழுவ வேண்டும். பெரும்பாலும் அங்கே உப்புத்தான் கப்பியை ஓடவிடாமல் பிடித்து வைத்திருக்கும்.


தென்தீவார் – சென் பியேர்

கழுவினேன், ஐயா. இருந்தும் 8 மி.மீ. என்பதிலேயே நிற்கிறேன். நீண்ட ஓட்டத்தில் சில மணிக்கு ஒரு முறை கயிற்றை ஒரு கையளவு விட்டு இழுத்து, அரைபடும் இடத்தை மாற்றிவிடுவேன். வாங்கும்போதே ஒரு மீட்டர் கூடுதலாக வாங்கினால், தேய்ந்த முனையை வெட்டிவிட்டு மீண்டும் கட்டிக்கொள்ளலாம். இது ஹாலியார்டுக்கும் பொருந்தும்.


வடகரைப் பாயோட்டி – கிராண்ட் பே

ரீஃப் விஷயத்தில் இருவரும் ஒத்துப்போகவில்லை. என் பூம் முனையில் 9 மி.மீ. இடைவெளிதான் இருக்கிறது, எனவே அது 8 என்று தானாகவே முடிவாகிவிட்டது. பின்விளிம்பு வளையத்தில் படும் பகுதிக்கு மட்டும் கூடுதல் உறை போட்டுத் தைத்துக்கொள்கிறேன்.

ஃபர்லர் கயிறு ஒன்று மிச்சம். இப்போதுள்ள 10 மி.மீ. கயிற்றில், காற்று பலமாக இருக்கும் நாட்களில் பாய் முழுவதும் சுருள்வதற்குள் உருளையில் உள்ள கயிறு தீர்ந்துவிடுகிறது. பாயின் பின்மூலை ஒரு முழம் வெளியே படபடத்துக்கொண்டே இருக்கிறது.


கப்பிக்காரர் – டர்பன்

பலத்த காற்றில் பாய் இறுகிச் சுருளும். இறுகினால் சுருளின் விட்டம் குறையும். விட்டம் குறைந்தால் சுற்றுகளின் எண்ணிக்கை கூடும். இளங்காற்றில் கணக்குப் பார்த்துப் போட்ட சுற்றுகள் பலத்த காற்றில் போதாமல் போவது அதனால்தான். தடித்த கயிறாக இருப்பதால் கூடுதல் சுற்றுகளுக்கு உருளையில் இடமும் இல்லை. 8 மி.மீ. பாலியெஸ்டர் போடுங்கள், பாயை முழுவதுமாகச் சுருட்டிய நிலையிலும் உருளையில் நான்கைந்து சுற்று மிச்சம் இருக்கும்படி சுற்றிவையுங்கள். கையில் பிடிக்க 8 போதவில்லை என்று தோன்றினால், டைனீமா உள்ளிழையுள்ள 10 மி.மீ. வாங்கி, உருளைக்குள் போகும் நீளத்துக்கு மட்டும் உறையை உரித்துவிடலாம். கைக்கு 10, உருளைக்கு 6 ஆகிவிடும். உரித்த இடத்தில் உறையின் முனையை உள்ளிழைக்குள் செருகித் தைக்காமல் விட்டால் அது சுருங்கிப் பின்னோக்கி ஓடிவிடும்.


வடகரைப் பாயோட்டி – கிராண்ட் பே

மிக்க நன்றி. ஹாலியார்ட் இரண்டுக்கும் டைனீமா உள்ளிழையுள்ள 10 மி.மீ., ஷீட்டுகளுக்கு 10 மி.மீ. பாலியெஸ்டர், ரீஃபுக்கும் ஃபர்லருக்கும் 8 என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். கப்பியைக் கடையவும் கொடுத்தாயிற்று. பழைய ஹாலியார்ட் பாய்மரத்துக்குள் ஓடுகிறதே, புதியதை எப்படி உள்ளே செலுத்துவது? இரண்டையும் ஒட்டுநாடாவால் சுற்றி இழுத்தால் போதுமா?


கப்பிக்காரர் – டர்பன்

ஒட்டுநாடாவை மட்டும் நம்பாதீர்கள். பாய்மரத்தின் நடுவில் அது பிரிந்தால் பிறகு உச்சியிலிருந்து எடைகட்டிய நூலை விட்டு மீன்பிடிக்கத்தான் வேண்டும். உங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: பழையது 12, அது புதிய கப்பியின் பள்ளத்துக்குள் அடங்காது. எனவே கப்பியை மாற்றும் முன்பே பழைய கயிற்றின் முனையில் 4 மி.மீ. தூதுக் கயிற்றை இணைத்து, பழையதை முழுவதுமாக உருவி எடுத்துவிட்டுத் தூதுக் கயிற்றை உள்ளே விட்டுவையுங்கள். அதன் இரு முனைகளையும் கீழே கட்டிவிட மறக்க வேண்டாம்.

புதிய கப்பி ஏறிய பிறகு, புதிய ஹாலியார்டின் முனையில் உள்ளிழையை ஓர் அங்குலம் வெட்டி எடுத்துவிட்டு, காலியான உறைக்குள் தூதுக் கயிற்றின் முனையைச் செருகி, மெழுகு பூசிய நூலால் குறுக்கும் நெடுக்குமாக ஏழெட்டுத் தையல் போடுங்கள். அதன்மேல் வழுக்குவதற்காக ஒரே ஒரு சுற்று நாடா. கீழே ஒருவர் மெல்ல இழுக்க வேண்டும், இன்னொருவர் புதிய கயிற்றை முறுக்கு விழாமல் ஊட்ட வேண்டும். எங்காவது தடுத்தால் பலம் கொடுத்து இழுக்காமல், ஒரு கை பின்னோக்கி விட்டு மீண்டும் இழுத்துப் பாருங்கள். காற்றில்லாத காலையில், வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ளாமல் செய்யுங்கள்.